நெல்லைப் பக்கம் லீவுக்கு வாரீங்களா? பறவை பாக்க எங்க போவணும், எப்ப போவணும்

லீவுக்கு நம்ம ஊருப் பக்கம் வாரவங்க கேக்குற மொத கேள்வி, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனா பறவை இருக்குமாங்கறதுதான். மார்ச்ல கேட்டா பெரும்பாலும் ஆமாம்பேன், செப்டம்பர்ல கேட்டா வேற எடம் சொல்லுவேன். மேப்ல சரணாலயம்னு போர்டு விழுந்திருக்குங்கறதுக்காக பறவை வருசம் பூரா அங்கனயே உக்காந்திருக்காது, தண்ணி எங்க எவ்வளவு ஆழத்துல நிக்குதோ அங்கதான் அதுக்கு வேலை. நம்ம ஜில்லாவுல எடத்துக்குப் பஞ்சமே இல்ல, குளத்துக்கு மேல குளமா சங்கிலி மாதிரி வெட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க, ஆனா எந்த மாசம் எந்தக் குளம்னு தெரியாம வந்தா வெறும் கருவேல மரத்தப் பாத்துட்டு சர்பத் குடிச்சுட்டுத்தான் திரும்பணும்.

மொதல்ல மாசக் கணக்கு. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகைலதான், வடகிழக்குப் பருவமழை பேஞ்சு மார்கழிக்குள்ள குளம் பெருகிரும். குளம் கரைமுட்டப் பெருகிக் கெடக்குதுன்னு கேட்டதும் சந்தோசப்பட்டு ஓடிராதீங்க, அந்த ஆழத்துல வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் இதெல்லாம்தான் நடுவுல மெதந்துக்கிட்டு இருக்கும், கால் ஊனி மேயுற உள்ளான், நாரை, அரிவாள்மூக்கனுக்கு நிக்க எடமே இருக்காது. தை, மாசி ஆக ஆக பிசான நெல்லுக்கு (மழைக்காலத்துல நடுற போகம்) மடைய தொறந்து வயலுக்குத் தண்ணி எடுப்பாங்க, குளம் கொஞ்சம் கொஞ்சமா வத்தும், ஓரமா சேறு வெளிய தெரியும், மீனெல்லாம் மிச்சத் தண்ணிக்குள்ள நெருக்கியடிச்சுக் கெடக்கும், அப்பத்தான் பறவைக்கு கல்யாண விருந்து. அதனால தை பிறந்ததுலேர்ந்து பங்குனி வரைக்கும்தான் டாப். ஸ்கூல் லீவுன்னு சித்திரைல வந்தாலும் கூடு கட்டி குஞ்சு பொரிச்சதுகள பாக்கலாம், ஆனா காலைல எட்டரைக்கு மேல வெயிலு மண்டையப் பொளந்துரும். ஆனி ஆடில வந்தீங்கன்னா குளத்த மறந்துட்டு ஆத்துப் பக்கம் போங்க, அதுக்கு கீழ சொல்லுதேன்.

இன்னொண்ணு, மழை பொய்ச்ச வருசம்னா குளத்துல பையங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பாங்க. கெளம்புறதுக்கு மொத நாளு அந்த ஊர்ல யாராவது சொந்தக்காரங்க இருந்தா போன் போட்டு குளத்துல தண்ணி எவ்வளவு கெடக்குன்னு மட்டும் கேளுங்க, பறவை இருக்கான்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. பாதித் தண்ணி, ஓரமெல்லாம் சேறுன்னு பதில் வந்தா மறுநாள் வெள்ளனயே வண்டிய எடுத்துருங்க.

குளத்துக்குப் போயாச்சு, எங்க நிக்கணும்? நம்ம ஊரு நிலம் மேற்க மேடு, கெழக்க சரிவு, அதனால பொதுவா குளத்துக்கரை கெழக்குப் பக்கம் இருக்கும், தண்ணி அதுக்கு மேற்க நிக்கும். காலைல கரைமேல ஏறி நின்னா சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால, பறவை மேல நேரா வெளிச்சம் விழும், கலரெல்லாம் பளிச்சுன்னு தெரியும். அதே எடத்துல சாயங்காலம் நின்னா எல்லாமே கருப்பு உருவம்தான், வாத்தா நாமக்கோழியான்னு கூட பிரிச்சுச் சொல்ல முடியாது. சாயங்காலம்தான் வசதின்னா சுத்திப் போயி மேற்குப் பக்கம், அதாவது தண்ணி உள்ள வார ஓடைப் பக்கம் போயிருங்க, அங்க ஆழம் கம்மிங்கறதால நடக்குற பறவைகளும் அங்கதான் கூடும். மடைப் பக்கமும், மிச்சத் தண்ணி வழியுற கலுங்குப் பக்கமும் செத்த நேரம் உக்காந்து பாருங்க, கசிஞ்சு ஓடுற தண்ணில மீன்கொத்தியும் மடையானும் கண்டிப்பா இருக்கும். கரைல வானத்துக்கு எதிர்ல நெட்டையா நின்னா அம்புட்டும் பறந்துரும், பனைமரத்தையோ வேப்பமரத்தையோ ஒட்டி நில்லுங்க, முடிஞ்சா உக்காந்துருங்க.

இப்ப கூந்தன்குளம். திருநெல்வேலிலேர்ந்து ஒரு 35 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், நாங்குநேரி தாலுகா, பஸ்ல வாரவங்க மூலைக்கரைப்பட்டி போயி அங்கேர்ந்து போறதுதான் சுலபம். 1994-ல சரணாலயமா அறிவிச்சாங்க, கூந்தன்குளமும் காடன்குளமும் சேத்து 129 ஹெக்டேர் சொச்சம், உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் இப்ப இருக்கு. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணியும் இங்க வருதுங்கறதால மழை கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் சில வருசம் தப்பிச்சுரும். மத்த சரணாலயத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னா, பறவை குளத்துக்குள்ள மட்டும் கூடு கட்டாது, ஊருக்குள்ளயே வீட்டுக் கொல்லைல நிக்கிற வேம்பு, புளின்னு ஏறி கட்டிரும். கீழ ஆச்சி பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருப்பாங்க, தலைக்கு மேல சங்குவளை நாரை குஞ்சுக்கு மீனக் கக்கிக்கிட்டு இருக்கும், அதுல பாதி கீழயும் விழும். நாத்தம் இருக்கும்தான், சொல்லாம விட்டா தப்பு, மூக்கப் பொத்துற ஆளுங்க மனசத் தேத்திக்கிட்டு வாங்க. ஆனா ஊர்க்காரங்க இதுகள விரட்டுறதில்ல, பறவை வந்தா ஊருக்கு நல்லதுன்னு நெனைக்காங்க, தீபாவளிக்கு வெடி போடாம இருக்குற ஊரு அது. எச்சம் விழுந்து ஊறுன குளத்துத் தண்ணியும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம்ங்கறதும் அவங்களுக்குத் தெரியும், பாசமும் உண்டு கணக்கும் உண்டு, அதனாலதான் நீடிக்குதுன்னு நான் நெனைக்கேன்.

அங்க என்னென்ன பாக்கலாம்? கூடு கட்டுறதுல சங்குவளை நாரை, அதத்தான் மஞ்சமூக்கு நாரைன்னும் சொல்லுவாங்க, அப்புறம் கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா. உச்சி வெயில்ல பெரிய நாரை ரெக்கைய விரிச்சு குஞ்சுக்கு நெழல் குடுத்துக்கிட்டு அப்படியே நிக்கும், அத ஒரு பத்து நிமிசம் பாத்தீங்கன்னா போட்டோ எடுக்கவே மறந்துரும். குளிருக்கு வந்துட்டுப் போற கூட்டத்துல வரித்தலை வாத்துதான் பெரிய ஆளு, திபெத்து, மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையத் தாண்டி இங்க வருது, தலைக்குப் பின்னால ரெண்டு கருப்புப் பட்டை இருக்கும், பைனாகுலர்ல ஈசியா தெரியும். பகல்ல பெரும்பாலும் தூங்கும், இல்ல கூட்டமா கரையோரம் சும்மா உக்காந்திருக்கும், காலைலயும் கருக்கல்லயும்தான் மேச்சலுக்குக் கெளம்பும், அப்ப கத்திக்கிட்டே வரிசையா தலைக்கு மேல போறதப் பாக்கணும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எல்லாம் டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும். பூநாரை வரும், வராமலும் போகும், அதுக்குன்னு மட்டும் பிளான் போடாதீங்க.

வாட்ச் டவர் இருக்கு, ஏறுங்க, ஆனா அங்கயே நின்னுட்டுத் திரும்பாதீங்க. ஊருக்குள்ள மெதுவா நடந்துட்டு வாங்க, வனத்துறை வாட்சர் இருந்தா ரெண்டு வார்த்தை பேசுங்க, இன்னைக்கு எந்த மூலைல என்ன நிக்குதுன்னு கைய நீட்டி காமிச்சுருவாங்க. ஒருத்தர் வீட்டுக் கொல்லைல கூடு இருக்குன்னா வாசல்ல நின்னு "யக்கா, செத்த நேரம் பாத்துக்கிடலாமா"ன்னு கேட்டுட்டு உள்ள போங்க, கேக்காம கேமராவத் தூக்கிக்கிட்டு வேலிக்குள்ள நொழையுறது இப்ப ரொம்பக் கூடிப்போச்சு. கீழ விழுந்த குஞ்சு கெடந்தா தொடாதீங்க, வாட்சர்ட்ட சொன்னா போதும். ட்ரோன் எல்லாம் வேண்டவே வேண்டாம், கூட்டத்துல ஒரு பறவை பதறுனா எல்லாம் பதறும், முட்டைய காக்கா தூக்கிட்டுப் போயிரும்.

கூந்தன்குளத்துல பறவை கம்மியா இருந்தா உடனே ஏமாந்து திரும்பாதீங்க, ராத்திரி அங்க படுத்துட்டு காலைல சுத்துவட்டாரக் குளத்துக்கு எரை தேடப் போயிருக்கும். மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரி ரோட்டுல போறப்ப வழில தண்ணி தெரியுற ஒவ்வொரு குளத்துலயும் வண்டிய ஓரங்கட்டி ரெண்டு நிமிசம் பாருங்க. விஜயநாராயணம் பெரியகுளம் நெசமாவே பெரிய குளம், வாத்துக் கூட்டம் நடுவுல நிக்கும், பைனாகுலர் பத்தாது, ஸ்டாண்டுல வச்சுப் பாக்குற ஸ்கோப், அதாவது தொலைநோக்கி வச்சிருக்கவங்களுக்குத்தான் அது லாயக்கு. அந்தப் பக்கம் கடற்படைத் தளம் இருக்கு, அது இருக்குற தெசைல பெரிய லென்ஸத் திருப்பாதீங்க, வீணா பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும்.

எங்கயும் தூரமா போவ நேரமில்ல, ஜங்ஷன்ல லாட்ஜ் போட்டுத் தங்கியிருக்கோம், ஒரு காலைதான் இருக்குங்கறவங்களுக்கு டவுன்லயே நயினார்குளம் இருக்கு. காய்கறி மார்க்கெட் பக்கத்துல, லாரி சத்தம், மூட்டை எறக்குற சத்தம், அதுக்கு நடுவுல குளத்து மரத்துல கூழைக்கடாவும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் பாட்டுக்கு உக்காந்திருக்கும். சத்தத்துக்கு பழகுனதுங்க, அதனால கிட்டக்க பாக்கலாம், குழந்தைங்கள மொத மொதல்ல கூட்டிட்டுப் போறதுக்கு என்னக் கேட்டா கூந்தன்குளத்த விட இதான் தோது. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேய்ந்தான்குளத்தையும் ஒரு எட்டு பாத்துருங்க. கொஞ்சம் வெளிய போவலாம்னா தாழையூத்து தாண்டி ராஜவல்லிபுரம் குளம், தாமரை, அல்லி இலை மேல நடக்குற இலைக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் இந்த மாதிரி செடி மூடுன குளத்துலதான் சிக்கும். இன்னும் வடக்க போனா கங்கைகொண்டான் குளம், அந்த ஊர்லயே புள்ளிமான் சரணாலயமும் இருக்கு.

ஆத்துப் பக்கம் சொல்லுதேன்னேன்லா. தாமிரபரணி வத்தாத ஆறு, அதனால குளமெல்லாம் காஞ்சு கெடக்குற ஆனி ஆடிலயும் ஆத்துல ஏதாவது இருக்கும், கார் சாகுபடிக்கு உழுது தண்ணி கட்டுன வயல்ல டிராக்டர் பின்னாலயே உண்ணிக்கொக்கும் மடையானும் வரிசை கட்டி நடக்கும். அணைக்கட்டு இருக்குற எடமாப் பாத்துப் போங்க, சுத்தமல்லி, அரியநாயகிபுரம், கன்னடியன், கீழ மருதூர், ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டுக்கு மேல தேங்குன தண்ணி, கீழ பாறையும் சலசலப்பும், ரெண்டு விதமான பறவையும் ஒரே எடத்துல. மீன்கொத்தில மட்டும் மூணு நாலு வகை பாத்துரலாம், கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே எடத்துல ரெக்கையடிச்சு நின்னு குண்டு மாதிரி விழும், பெரிய அலகு மீன்கொத்தி மருத மரத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு கத்த மட்டும் செய்யும்.

ஆத்துல ஒரே ஒரு எடம் சொல்லுன்னா திருப்புடைமருதூர்தான் சொல்லுவேன். வீரவநல்லூர்லேர்ந்து பக்கம், கடனா நதி தாமிரபரணியோட சேருற எடம், நாறும்பூநாதர் கோயில், அத ஒட்டி ஆத்தங்கரைல பெரிய பெரிய மருத மரங்க, அதுல கொக்கு, நாரை, நீர்க்காகம், வௌவால் எல்லாம் குடித்தனம். 2005-ல அத கன்சர்வேஷன் ரிசர்வா, அதாவது பாதுகாப்புக் காப்பகமா அறிவிச்சாங்க, நாட்டுலயே மொதல்ல அப்படி அறிவிச்ச எடம் அது, மொத்தம் மூணு ஹெக்டேர் கூட வராது. ஊர்க்காரங்க ஏற்கனவே காப்பாத்திக்கிட்டு வந்த தோப்புக்கு சர்க்கார் ஒரு முத்திரை குத்துச்சு, அவ்வளவுதான். பறவைல ஆசை இல்லாத வீட்டுக்காரங்கள கூட்டிட்டுப் போறதுக்கும் இது தோதான எடம், அவங்க சாமி கும்புட்டு கோபுரத்து உள்ள இருக்குற பழைய ஓவியத்தப் பாத்துட்டு படித்துறைல குளிச்சு முடிக்கதுக்குள்ள நீங்க மரத்தடில உங்க வேலைய முடிச்சுரலாம். மரத்தடில நிக்கிறப்ப தொப்பி முக்கியம், காரணம் நான் சொல்ல வேண்டாம்.

தண்ணியே இல்லாத எடத்துலயும் பறவை உண்டு, அத யாரும் கண்டுக்கிறதில்ல. நாங்குநேரிலேர்ந்து திசையன்விளை, இட்டமொழிப் பக்கம் உடைமரமும் பனையும் தேரிங்கற செம்மணல் மேடுமா கெடக்குல்ல, அங்க காலைல ஆறரை மணிக்கு கார 20 கிலோமீட்டர் ஸ்பீடுல உருட்டுங்க. கரண்டு கம்பில பனங்காடையும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் கீச்சானும், பொட்டல்ல மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, வேலிக்கடில கௌதாரி, பனைக்கு பனை பனை உழவாரன், மயிலு எண்ணவே வேண்டாம். கார்லேர்ந்து எறங்காதீங்க, கண்ணாடிய எறக்கிட்டு உள்ளேர்ந்தே பாருங்க, காருக்குப் பயப்படாத பறவை மனுசன் கால் வெளிய வச்சதும் பறந்துரும். குளிர்காலத்துல பூனைப்பருந்து தரையோட தரையா மெதக்குற மாதிரி பறக்கும், கருக்கல்ல புல்லுத்தரைல கூட்டமா எறங்கி ராத்தங்கும். இந்த நெலத்த எல்லாரும் தரிசுன்னு சொல்லி பிளாட் போடுதாங்க, அதனால வெரசா பாத்துக்கிடுங்க.

மலைக்கு வந்தா கணக்கே வேற. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல வந்தது, தமிழ்நாட்டுல மொத புலிகள் காப்பகம். பாபநாசம் மேல முண்டந்துறை, காரையாறு, அந்தப் பக்கம் மணிமுத்தாறு, தெக்க களக்காடு தலையணை, திருக்குறுங்குடி நம்பி கோயில் வழி. காட்டுக்குள்ள பறவைய கண்ணால தேடக்கூடாது, காதால தேடணும், ஒரு எடத்துல கால் மணி நேரம் வாயப் பொத்திக்கிட்டு நின்னா சீகாரப் பூங்குருவி விசிலடிக்கிறது கேக்கும், சின்னச் சின்னக் குருவியெல்லாம் பல வகை ஒண்ணு சேந்து கூட்டமா மரம் மரமா வரும். இருவாச்சி அத்தி பழுத்த மரத்துக்குத்தான் வரும், ரெக்கை சத்தம் மொதல்ல கேக்கும், அப்புறம்தான் ஆளத் தெரியும். உச்சில சோலைக்காட்டுக்குள்ள, இந்த அகத்தியமலைத் தொடரத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஒரு சோலைக்கிளி இருக்கு, பேருதான் கிளி, நெசத்துல அது ஒரு சின்னக் குருவி, 2017-லதான் அதுக்கு தனி இனம்னு பேரு வச்சாங்க. அத டூரிஸ்டா வந்து பாக்குறது கஷ்டம்தான், ஆனா நம்ம மலைல இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிடுங்க.

மாஞ்சோலை போவணும்னு நெறைய பேருக்கு ஆசை, அங்க பெர்மிஷன் விதி மாறிக்கிட்டே இருக்கு, அம்பாசமுத்திரம் வனத்துறை ஆபீஸ்ல கேட்டு உறுதிப்படுத்தாம குடும்பத்த ஏத்திக்கிட்டு வந்து செக்போஸ்ட்ல சண்ட போடாதீங்க. ஆடி அமாவாசை ஒட்டி காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு கூட்டம் அலைமோதும், அந்த வாரம் பறவை நெனைப்ப விட்டுருங்க, சாமி பாக்கப் போங்க. மலையடிவாரத் தோட்டம் தொரவுப் பக்கம் கருக்கல்ல தனியா பைனாகுலரோட சுத்தாதீங்க, கரடி எறங்குது, இது பயமுறுத்த சொல்லல, பாபநாசம், கடையம் பக்கத்து ஆளுங்கள கேட்டுப் பாருங்க.

குத்தாலம் சீசன்ல வாரவங்க அருவிப் பக்கம் பறவை தேடாதீங்க, மனுசத் தலைதான் தெரியும். அதே நேரம் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வாகைக்குளம், செங்கோட்டை புளியரை வயல்னு திரும்புனா நல்லாருக்கும். கடலோரம் ஆசைன்னா தூத்துக்குடி உப்பளம், புன்னைக்காயல் முகத்துவாரம், பூநாரையும் ஆலாவும் உப்புக்கொத்தியும் அங்கதான், குடை எடுத்துக்கிடுங்க, ஒதுங்க ஒரு மரம் கெடையாது.

என்ன கொண்டு போவணும்? 8x42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டுறது போதும், 10x வாங்குனா கை நடுங்குறது பெருசா தெரியும், ஆரம்பத்துல தலைவலிதான். போன்ல பறவையோட பேரக் கண்டுபிடிச்சுச் சொல்லுற மெர்லின் ஆப் எறக்கி இந்தியா பேக்க வீட்டு வைஃபைலயே டவுன்லோட் பண்ணிருங்க, குளத்துக்கரைல சிக்னல நம்பாதீங்க. அது கேட்டுச் சொல்லுற பேர அப்படியே நம்பிராம கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கிடுங்க. அதே மாதிரி போன்ல பறவைச் சத்தத்த போட்டு வரவழைக்கிற வேலையும் வேண்டாம், கூட்ட விட்டுட்டு சண்டைக்கு ஓடி வரும். மண்ணு கலர், பச்சைக் கலர் சட்டை, வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். கருவேல முள்ளு ரப்பர் செருப்பத் தொளைச்சுரும், ஷூ போடுங்க. கூந்தன்குளம் பக்கம் டீக்கடைய நம்பி குடும்பத்தோட போவாதீங்க, இட்லிப் பொட்டலமும் தண்ணியும் கைல இருக்கட்டும், பொட்டலக் காயிதத்த திரும்பி கொண்டாந்துருங்க. தை மாசம்னா வழில பனங்கிழங்கு, பங்குனி சித்திரைனா பதநீரும் நுங்கும், அதுக்கு சில்லறை வச்சுக்கிடுங்க.

குளத்துல மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமைய குத்தகைக்கு எடுத்த அண்ணாச்சி யாராவது கரைல உக்காந்திருந்தா மொதல்ல அவர்ட்ட பேச்சுக் குடுங்க. எந்தப் பறவை எத்தன மணிக்கு எங்க எறங்குதுன்னு அவருக்குத்தான் சுத்தமா தெரியும், கூழைக்கடா மேல கோவமும் இருக்கும், அந்தக் கோவத்தயும் காது குடுத்துக் கேளுங்க, அவரு மீனத்தான் அது திங்குது. கரைல நெல்லு காயப் போட்டிருந்தா சுத்திப் போங்க, வரப்புல வண்டிய ஏத்தாதீங்க.

ஜனவரில வாரவங்களுக்கு ஒரு ஐடியா, 2011-லேர்ந்து தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல வருசா வருசம் நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்கு, மணிமுத்தாறுல இருக்குற ஏட்ரீங்கற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்போட மையம் முன்ன நின்னு நடத்துது, வாலண்டியரா பேரு குடுத்தா தெரிஞ்ச ஆளுங்களோட ஒரு டீமா சேத்து குளம் குளமா கூட்டிட்டுப் போவாங்க. பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா நடக்குற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு யார்ட்டயும் பேரு குடுக்கவும் வேண்டாம், வீட்டு மொட்டை மாடில கால் மணி நேரம் நின்னு பாத்தத ஈபேர்டுங்கற பறவைப் பதிவு வெப்சைட்டுல ஏத்துனா போதும்.

ரெண்டு நாள்தான் லீவு, பிப்ரவரிலயோ மார்ச்லயோ வாரீங்கன்னா மொத நாள் விடிய கூந்தன்குளம், பத்து மணிக்குள்ள முடிச்சு நாங்குநேரிப் பக்கம் சாப்பிட்டு வெயிலுக்கு ஒதுங்கிட்டு, நாலு மணிக்கு மேல இட்டமொழி ரோடு. ரெண்டாம் நாள் காலைல திருப்புடைமருதூர், அங்கேர்ந்து மணிமுத்தாறு டேம் கரை, செக்போஸ்ட் நேரம் ஒத்துவந்தா பாபநாசம் மேல ஒரு சுத்து, இல்லன்னா டவுனுக்குத் திரும்பி நயினார்குளம். ராத்திரி ரயிலுன்னா அல்வா வாங்க டைம் விட்டு கெளம்புங்க, சாயங்காலம் க்யூ நீளம்.